லா போகாவின் வண்ண வீடுகளுக்குப் பின்னால் என்ன கதை?

அர்ஜென்டினாவின் தலைநகர் பியூனஸ் அயர்ஸில் உள்ள லா போகா என்ற பேட்டை ஏன் இத்தனை வண்ணமாக இருக்கிறது, டாங்கோ இசைக்கும் நடனத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் ரியாச்சுவேலோ ஆற்றங்கரையில்தான் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து வந்த மாலுமிகளும் கப்பல் கட்டுபவர்களும் இந்த ஆறு, கடலைப் போல அகன்ற லா பிளாட்டா நதியில் கலக்கும் இடத்தில் குடியேறினார்கள். ஒரு முற்றம், சுற்றிலும் அறைகள், அறைக்கு ஒரு குடும்பம் என்று நெருக்கியடித்த வாழ்க்கை. சுவர்கள் மரமும் நெளி தகரமும்தான். கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை வீட்டுக்கு அடித்தார்கள் என்பார்கள். ஒரு டப்பா தீர்ந்தால் அடுத்த நிறம், அவ்வளவுதான்.

மாலையில் துறைமுகத் தொழிலாளர்கள் கூடும் இடம் மதுக்கடைகள். சுவாரெஸ், நெகோச்சியா தெருக்கள் சந்திக்கும் முனையில் இருந்த கஃபேக்களில் 1900களின் தொடக்கத்திலேயே டாங்கோ குழுக்கள் வாசித்தன. உழைப்பாளிகளின் அரசியலும் இங்கே சூடாக இருந்தது. 1904இல் சோஷலிஸ்ட் ஆல்ஃப்ரெடோ பலாசியோஸை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இது.

ஆனால் இன்று நாம் படங்களில் பார்க்கும் காமினிட்டோ தெரு தானாக அமைந்ததல்ல. ரயில் நின்றுபோய்க் குப்பை சேர்ந்த பாதை அது. அனாதை இல்லத்தில் விடப்பட்டு, கரி வியாபாரி வீட்டில் வளர்ந்து, துறைமுகத்தில் கரி மூட்டை சுமந்த ஓவியர் பெனிட்டோ கின்கெலா மார்ட்டின் அதை வண்ணமாக்க முன்னின்றார். 1959இல் அது திறந்தவெளி அருங்காட்சியகமானது. புகழும் பணமும் வந்தபின் அவர் பேட்டையை விட்டுப் போகவில்லை. நிலம் வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்தார். என்னைக் கேட்டால், லா போகாவின் வரலாற்றை அவரிடமிருந்தே படிக்கத் தொடங்கலாம்.