ஃபர்ஸ்ட் லார்ட் வேறு, ஃபர்ஸ்ட் சீ லார்ட் வேறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

முதல் உலகப் போரின்போது, 1914-ல், ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னையைத் தாக்கிய கதையை எழுதும்போது, "அப்போது ஃபர்ஸ்ட் லார்டாக இருந்த சர்ச்சில்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் சிலவற்றுக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ஃபர்ஸ்ட் லார்ட் என்றால் கடற்படைத் தளபதியா? சர்ச்சில் எப்போது கப்பலில் வேலை பார்த்தார்?

பார்க்கவே இல்லை. அவர் படித்தது சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில், இருந்தது குதிரைப்படையில். நம் பெங்களூரிலும் கொஞ்ச காலம் இருந்திருக்கிறார்.

பிரிட்டிஷ் கடற்படையை நிர்வகித்த அலுவலகத்தின் பெயர் அட்மிரால்டி. அதற்கு ஒரு போர்டு உண்டு. போர்டின் தலைவர்தான் ஃபர்ஸ்ட் லார்ட். பிற்காலத்தில் அவர் எப்போதும் அமைச்சரவையில் இருக்கும் அரசியல்வாதி, சீருடை போடாதவர், நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர். அதே போர்டில் அவருக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் மூத்த அட்மிரல் ஃபர்ஸ்ட் சீ லார்ட். கப்பல், பீரங்கி, போர்த்திட்டம் எல்லாம் தெரிந்தவர் அவர். இரண்டு பெயரும் ஒன்றுபோல ஒலிப்பதால் புத்தகங்களில்கூட மாற்றி எழுதிவிடுகிறார்கள். "சீ" என்ற ஓர் எழுத்தைக் கவனித்தால் போதும், குழப்பம் வராது.

இப்படி ஒரு பதவியை ஏன் உண்டாக்கினார்கள்?

ஒரு கொலையால். அதுவரை கடற்படை முழுவதும் லார்ட் ஹை அட்மிரல் என்ற ஒரே ஆளின் கையில் இருந்தது. 1628 ஆகஸ்டில், அந்தப் பதவியில் இருந்த பக்கிங்ஹாம் பிரபுவை போர்ட்ஸ்மத் துறைமுக நகரில் ஜான் ஃபெல்டன் என்பவர் கத்தியால் குத்திக் கொன்றார். மன்னர் முதலாம் சார்லஸ் புதிதாக ஒருவரை நியமிக்காமல் அதிகாரத்தை ஒரு குழுவிடம் கொடுத்தார். அந்தக் குழுவில் முதலில் பெயர் எழுதப்பட்டவரே ஃபர்ஸ்ட் லார்ட். நடுவில் பலமுறை பழைய முறைக்குத் திரும்பினார்கள். 1709 முதல் குழு முறையே நிலைத்தது.

அதன் பிறகும் ஒரே ஒரு முறை பழையபடி செய்து பார்த்தார்கள். 1827-ல் மன்னரின் தம்பி கிளாரன்ஸ் கோமகனை லார்ட் ஹை அட்மிரல் ஆக்கினார்கள். அவர் அடுத்த வருடம் ஒரு கப்பல் அணியைக் கூட்டிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று யாரிடமும் சொல்லாமல், பத்து நாள் கடலுக்குப் போய்விட்டார். பதவியும் போனது. பின்னாளில் நான்காம் வில்லியம் என்ற பெயரில் மன்னரானவர் இவர்தான்.

டைரி எழுதிய சாமுவேல் பெப்பிஸ் ஃபர்ஸ்ட் லார்டா?

இல்லை, அட்மிரால்டியின் செயலாளர். ஆனால் கடற்படை நிர்வாகத்தில் கணக்கு, பதிவேடு, அதிகாரிகளுக்குத் தேர்வு என்ற ஒழுங்கைக் கொண்டுவந்ததில் பல ஃபர்ஸ்ட் லார்டுகளைவிட அவருக்குப் பங்கு அதிகம்.

இந்தப் பதவியில் ஊழல் நடந்ததுண்டா?

ஹென்றி டண்டாஸ். மெல்வில் பிரபு என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். அதற்கு முன்பு லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த வாரியத்துக்கும் தலைவராக இருந்தவர். கடற்படைப் பொருளாளராக இருந்த காலத்தில் பொதுப்பணம் முறைகேடாகக் கையாளப்பட்டது என்ற குற்றச்சாட்டில் 1805-ல் ஃபர்ஸ்ட் லார்ட் பதவியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றமே அவரை விசாரித்து விடுவித்தது. பிரிட்டனில் அப்படி நடந்த கடைசி விசாரணை அது.

அவர் இடத்துக்கு வந்தவர் பார்ஹாம் பிரபு, வயது 78. அவரைப் பற்றி ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். 1805 நவம்பர் 6, நள்ளிரவு தாண்டி ஒரு மணி. ஃபால்மத் துறைமுகத்தில் இறங்கி, வழிநெடுக இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் குதிரை மாற்றி, லெப்டினன்ட் லாபனோட்டியர் லண்டன் வைட்ஹாலில் அட்மிரால்டி வாசலில் வந்து நிற்கிறார். கையில், பிரான்ஸ், ஸ்பெயின் கடற்படைகளோடு நடந்த டிரஃபால்கர் போரின் செய்தி: வெற்றி, ஆனால் தளபதி நெல்சன் இறந்துவிட்டார். அப்போதுதான் படுக்கப் போய்க்கொண்டிருந்த செயலாளர் வில்லியம் மார்ஸ்டன் அதை வாங்கிக்கொண்டு ஃபர்ஸ்ட் லார்டை எழுப்பப் போகிறார். கிழவர் எந்த அறையில் படுத்திருக்கிறார் என்பதே அவருக்குச் சட்டென்று தெரியவில்லை. தேடிக் கண்டுபிடித்து, மெழுகுவர்த்தியோடு கட்டில் திரையை விலக்குகிறார். பார்ஹாம் பதறவில்லை. என்ன செய்தி என்று மட்டும் கேட்கிறார்.

பார்ஹாம் சிவிலியன் அல்ல, அட்மிரல். அந்தக் காலத்தில் மாலுமிகளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவருக்குப் பிறகுதான் மெல்ல மெல்ல அது முழுக்க அரசியல்வாதிகளுடையதாக ஆனது.

கடலே தெரியாத ஒருவர் கடற்படையை நடத்துவது ஆபத்தில்லையா?

வந்த கேள்விகளில் ஆகச் சிறந்த கேள்வி இது. பதிலை ஒரு கப்பலின் கதையாகச் சொல்கிறேன்.

1868 முதல் 1871 வரை ஃபர்ஸ்ட் லார்டாக இருந்தவர் ஹியூ சில்டர்ஸ். செலவைக் குறைப்பதில் கெட்டிக்காரர். 1869-ல் போர்டின் கூட்டுப் பொறுப்பைத் தளர்த்தி, எல்லாவற்றுக்கும் ஃபர்ஸ்ட் லார்ட் ஒருவரே பொறுப்பு என்று ஆணை கொண்டுவந்தார். கூட்டங்கள் சுருங்கின. எதிரெதிர்க் கருத்துள்ளவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போட வாய்ப்பில்லாமல் போனது.

அந்த நேரத்தில் "கேப்டன்" என்ற பெயரில் ஒரு போர்க்கப்பல் கட்டப்பட்டு வந்தது. கூப்பர் கோல்ஸ் என்ற அதிகாரியின் கனவு அது. சுழலும் பீரங்கிக் கூண்டுகள், தாழ்ந்த மேல்தளம், அதற்கு மேல் முழு உயரப் பாய்மரங்கள். பத்திரிகைகளும் நாடாளுமன்றமும் அவர் பக்கம். அட்மிரால்டியின் தலைமைக் கப்பல் வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட் மட்டும் இது சரிவராது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீர்மட்டத்திலிருந்து மேல்தளம் எட்டடி உயரத்தில் நிற்க வேண்டும் என்பது திட்டம். கட்டி மிதக்கவிட்டபோது எடை கூடிப்போய் ஆறரை அடிதான் இருந்தது. 1870 ஜூலையில் ரீட் பதவி விலகினார். சில்டர்ஸ் கப்பலை நம்பினார். எவ்வளவு நம்பினார் என்றால், மிட்ஷிப்மேனாக, அதாவது இளம் பயிற்சி அதிகாரியாக, இருந்த தன் சொந்த மகனையே அதில் அனுப்பினார்.

செப்டம்பர் 6 அன்று ஸ்பெயினின் ஃபினிஸ்டர் முனை அருகே அணித்தலைவர் அட்மிரல் மில்ன் அந்தக் கப்பலைப் பார்வையிட்டார். பாய் விரித்துச் சாய்ந்தபடி ஓடியபோது, சாய்ந்த பக்கத்தின் மேல்தளத்தில் கடல் ஏறி ஓடுவதைக் கண்டு கவலையைச் சொன்னார். இரவு இங்கேயே தங்குங்கள் என்று அழைத்தார்கள். மறுத்துவிட்டுத் தன் கப்பலுக்குத் திரும்பினார். நள்ளிரவு கடந்ததும் புயல்காற்று அடித்தது. கேப்டன் சாய்ந்தது, பிறகு நிமிரவே இல்லை. ஏறத்தாழ 480 பேர் இறந்தார்கள். கோல்ஸும் போனார், சில்டர்ஸின் மகனும் போனான். பிழைத்தவர்கள் 18 பேர்.

ஒரு கப்பல் சாயச் சாய அதை நிமிர்த்தும் விசை ஓர் அளவு வரை கூடும், அதற்குப் பிறகு குறையும். உடன் சென்ற மோனார்க் கப்பலுக்கு அந்த எல்லை 40 டிகிரி. கேப்டனுக்கு 21. கணக்குத் தெரிந்தவர்கள் அட்மிரால்டியிலேயே இருந்தார்கள். பொதுமக்கள் கருத்துக்கு இணங்கி, கப்பல் கட்டும் துறையின் கருத்துக்கு எதிராகக் கட்டப்பட்ட கப்பல் இது என்று விசாரணை நீதிமன்றம் எழுதியது. மகனை இழந்த சில்டர்ஸோ, பழியை ரீட் மீதும், கப்பல் கட்டும் துறைக்குத் தலைவரான கன்ட்ரோலர் ஸ்பென்சர் ராபின்சன் மீதும் போட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார். எச்சரித்தவர்கள் மேலேயே பழி! அந்தத் தகப்பனின் துயரம் எனக்குப் புரிகிறது. அந்த அறிக்கையை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவருக்கு அடுத்து ஃபர்ஸ்ட் லார்டாக வந்த கோஷன், 1869 ஆணையின் ஏற்பாட்டை 1872-ல் திருத்தினார்.

ஆகவே, சிவிலியன் என்பதில் ஆபத்து இல்லை. தெரிந்தவன் "வேண்டாம்" என்று சொல்லும் இடத்தை மூடிவிட்டதில்தான் ஆபத்து வந்தது. பலமுறை கப்பல் ஏறிய அட்மிரல் அந்த நாற்காலியில் இருந்து அதே ஆணையைப் போட்டிருந்தாலும் விளைவு இதுவாகத்தான் இருந்திருக்கும்.

எம்டன் சென்னையைத் தாக்கியதற்குச் சர்ச்சிலைப் பொறுப்பாக்கலாமா? (சென்னை வாசகர்)

பதவியின் இலக்கணப்படி, ஆம். கடலில் எது நடந்தாலும் நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் இதில் பலர் கவனிக்காத ஒரு தொடர்பு உண்டு. கடற்படையை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றுவதில் முனைப்பாக இருந்த சர்ச்சில், 1914-ல் ஆங்கிலோ-பெர்ஷியன் எண்ணெய் கம்பெனியின் 51 சதவீதப் பங்கை அரசே வாங்க வைத்தார். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய தாய்க் கம்பெனி பர்மா ஆயில். அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்தருகே எம்டன் குறிவைத்துக் கொளுத்தியது பர்மா ஆயிலின் எண்ணெய்த் தொட்டிகளைத்தான்! எண்ணெய்தான் இனிப் போரின் உயிர்நாடி என்பதை லண்டனில் இருந்தவரும் தெரிந்து வைத்திருந்தார், எம்டனின் கேப்டன் ஃபான் முல்லரும் தெரிந்து வைத்திருந்தார்.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை முடித்துவைத்தது. உயர் நீதிமன்றச் சுவரில் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. "அவன் பெரிய எம்டன்டா" என்ற பேச்சும் இருக்கிறது.

கொள்கைக்காக ராஜினாமா செய்த ஃபர்ஸ்ட் லார்ட் யாராவது?

டஃப் கூப்பர். ஹிட்லரோடு செய்துகொண்ட மியூனிக் ஒப்பந்தத்தை ஏற்க மாட்டேன் என்று 1938 அக்டோபரில் விலகினார். அந்த அமைச்சரவையில் அப்படி விலகியவர் அவர் ஒருவரே.

1946 கேபினட் மிஷனில் கடற்படை அமைச்சருக்கு என்ன வேலை? பம்பாய் கடற்படைக் கிளர்ச்சிதான் காரணமா?

இந்தியாவுக்கு அதிகாரத்தைக் கைமாற்றுவது பற்றிப் பேச பிரிட்டிஷ் அரசு அனுப்பிய மூவரில் ஒருவர் ஏ. வி. அலெக்சாண்டர். கொல்லர் மகன், கூட்டுறவு இயக்கத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர், இரண்டாம் உலகப் போரின் பெரும்பகுதியில் ஃபர்ஸ்ட் லார்ட். பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில் கிளர்ச்சி வெடித்தது, மறுநாளே மிஷன் அறிவிப்பு வந்தது. அதனால் முடிச்சுப் போடத் தோன்றுகிறது. மிஷனை அனுப்பும் முடிவு அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது. தவிர, ராயல் இந்தியக் கடற்படை அட்மிரால்டியின் நேரடிப் பொறுப்பில் இல்லை, இந்திய அரசாங்கத்தின் கீழ் இருந்தது.

ஆனாலும் சுதந்திரத்துக்குப் பிறகு பத்தாண்டு காலம் நம் கடற்படைக்கு அங்கிருந்து வந்த அதிகாரிகளே தலைமை தாங்கினார்கள். 1958 ஏப்ரலில் அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர் ராம்தாஸ் கட்டாரி, செங்கல்பட்டில் பிறந்தவர்.

திருகோணமலை பெயரில் பிரிட்டிஷ் கப்பல் இருந்ததாமே? (திருகோணமலை வாசகர்)

இருந்தது மட்டுமல்ல, இன்னும் இருக்கிறது. அட்மிரால்டிக்காகப் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டி 1817-ல் கடலில் இறக்கிய கப்பல் அது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் போய்ப் பார்க்கலாம். அப்போது ஃபர்ஸ்ட் லார்டாக இருந்தவர், மேலே சொன்ன மெல்வில் பிரபுவின் மகன்.

இப்போது அந்தப் பதவி என்ன ஆயிற்று?

1964 ஏப்ரல் 1 அன்று அட்மிரால்டி பாதுகாப்பு அமைச்சகத்தில் கரைந்தது. கடைசி ஃபர்ஸ்ட் லார்ட் ஜெல்லிகோ பிரபு, முதல் உலகப் போரின் ஜட்லாந்து கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படையை நடத்திய அட்மிரல் ஜெல்லிகோவின் மகன். ஃபர்ஸ்ட் சீ லார்ட் பதவி மட்டும் இன்றும் தொடர்கிறது.

அதற்குப் பிறகும் கடற்படைக்கென்று ஓர் இளநிலை அமைச்சர் இருந்தார். 1981 மே மாதம் அந்தப் பொறுப்பில் இருந்த கீத் ஸ்பீட், கப்பல்களைக் குறைக்கும் திட்டத்தை எதிர்த்துப் பொதுமேடையில் பேசினார். பதவி பறிபோனது. அவருக்குப் பின் யாரையும் போடவில்லை, அந்த நாற்காலியையே எடுத்துவிட்டார்கள். ஓராண்டு ஆவதற்குள், 1982 மார்ச் 31 அன்று, அர்ஜென்டினா, பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளில் இறங்கப்போகிறது என்ற தகவல் வந்தது. கப்பல் அணியை அனுப்ப முடியும், அனுப்ப வேண்டும் என்று சொல்ல, ஃபர்ஸ்ட் சீ லார்ட் ஹென்றி லீச் சீருடையோடு நாடாளுமன்றத்துக்குள் நடந்து போய்த் பிரதமர் தாட்சரின் அறையைத் தேட வேண்டியிருந்தது.