அமுக்கு, பொறு, பேசு: வாக்கி டாக்கி பற்றி வாசகர் கேள்விகள்

திருவிழா, கல்யாண மண்டபம், தோட்டம், படகு என்று பல இடங்களிலிருந்தும் வாக்கி டாக்கி பற்றிக் கடிதங்கள் வந்திருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

தேர்த் திருவிழாவில் தொண்டர்களுக்காக ஆறு செட் வாங்கினோம். பெட்டியில் 10 கிலோமீட்டர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் கீழவீதியில் பேசுவது மேலவீதிக்கே கேட்கவில்லை. செட்டில் கோளாறா?
*— வாசகர், திருவாரூர்*

கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. பெட்டியில் போட்டிருப்பதும் முழுப் பொய்யல்ல. எந்த இடத்தில் 10 கிலோமீட்டர் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. பூமி வளைந்திருப்பதால் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஆன்டெனாவின் உயரம்தான் முதலில் தீர்மானிக்கிறது. கணக்கு எளிது. தரையிலிருந்து ஆன்டெனா இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்கள். இரண்டு முனைக்கும் தனித்தனியே கண்டு கூட்டினால் வருவது கிலோமீட்டர். இருவரும் வாயருகே, அதாவது 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்தால் சுமார் 10 கிலோமீட்டர் வரும். பெட்டிக்காரரின் கணக்கு அதுதான்! ஆனால் அது இடையில் ஒன்றுமே இல்லாத பொட்டல் வெளிக்கு. கருங்கல் மதிலும் கோபுரமும் கான்கிரீட் மாடிகளும் சூழ்ந்த வீதியில் சில நூறு மீட்டரிலேயே அலை மடங்கிவிடும்.

இதற்கு வாட் கூடிய செட்டைத் தேட வேண்டியதில்லை. தொண்டர்களில் ஒருவரை மூன்றாவது மாடி மொட்டை மாடியில் நிறுத்துங்கள். 12 மீட்டர் உயரத்தில் அவர் இருந்தால் மேலே சொன்ன கணக்கு 19 கிலோமீட்டருக்கு ஏறுகிறது. அதைவிட முக்கியம், கட்டடங்களுக்கு மேலே இருப்பதால் நான்கு வீதியும் அவருக்குக் கேட்கும். கேட்டதை அவர் திருப்பிச் சொன்னால் போதும். இடுப்பில் மாட்டியபடி காலர் மைக்கில் பேசும் பழக்கத்தையும் விடுங்கள். உடம்பு பெரும்பாலும் தண்ணீர்தான், அலையை உறிஞ்சிவிடும். செட்டை முகத்துக்கு நேரே, ஆன்டெனா செங்குத்தாக இருக்கும்படி பிடியுங்கள். ஒருவர் படுக்கையாகவும் மற்றவர் நிமிர்த்தியும் பிடித்தாலும் சிக்னல் குறையும்.

அமெரிக்காவிலிருந்து மகன் இரண்டு செட் வாங்கி வந்திருக்கிறான். தோட்டத்தில் பயன்படுத்தலாமா? லைசென்ஸ் வேண்டுமா?
*— வாசகர், பொள்ளாச்சி*

பயன்படுத்தாதீர்கள். அங்கே குடும்பத்தினர் லைசென்ஸ் இல்லாமல் பேசும் செட்கள் 462, 467 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. இந்தியாவில் அந்த அலைவரிசைகள் வேறு சேவைகளுக்கு உரியவை. இங்கே லைசென்ஸ் இல்லாமல் வாக்கி டாக்கி பேச 2018 அக்டோபரில் திறந்துவிட்டது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைதான். அதிலும் செட்டுக்கு மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு தரும் இ.டி.ஏ. (கருவி வகை ஒப்புதல்) சான்று இருக்க வேண்டும். இந்த வகைச் செட்கள் பொதுவாக அரை வாட் சக்தி கொண்டவை. அலைவரிசையும் சான்றும் சொல்லாமல் இணையத்தில் விற்பது பெருகியதால், 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வாங்கும்போது இந்த இரண்டையும் கேளுங்கள். "லாங் ரேஞ்ச்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஏற்கெனவே நான்கு செட் இருந்தது. வேறு கம்பெனியில் இரண்டு புதிதாக வாங்கினோம். எல்லாம் சேனல் 5-ல்தான். புதியதில் பேசினால் பழையதில் விளக்கு எரிகிறது, சத்தம் வரவில்லை.
*— மண்டப மேலாளர், கும்பகோணம்*

விளக்கு எரிகிறது என்றால் அலை வந்து சேர்ந்துவிட்டது. ஸ்பீக்கரைத் திறக்கும் சாவிதான் பொருந்தவில்லை. பேச்சோடு கூடவே காதுக்குத் தெரியாத ஒரு தாழ்ந்த தொனியும் போகும். தன்னிடம் குறித்துவைத்த தொனி வந்தால்தான் செட் வாய் திறக்கும். சி.டி.சி.எஸ்.எஸ். என்று இதற்குப் பெயர். வழக்கத்தில் உள்ள 38 தொனிகள் 67.0 முதல் 250.3 ஹெர்ட்ஸ் வரை இருக்கின்றன. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி வரிசை எண் மாறலாம். ஒன்றில் "கோட் 8" என்பது இன்னொன்றில் வேறு தொனியாக இருக்கும்.

முதலில் எல்லாச் செட்டிலும் "கோட்" எண்ணை 0 ஆக்கிப் பேசிப் பாருங்கள். கேட்டால் கோளாறு தொனியில்தான். பிறகு இரண்டு கையேட்டையும் பக்கத்தில் வைத்து, எண்ணை விட்டுவிட்டு ஹெர்ட்ஸ் மதிப்பை ஒப்பிட்டு அமையுங்கள். 0 ஆக்கியும் கேட்கவில்லையா? சேனல் 5 என்பது இரண்டிலும் ஒரே அலைவரிசைதானா என்று பாருங்கள். இந்தப் பட்டையில் வழக்கமான அமைப்பில் சேனல் 1 என்பது 446.00625, அடுத்தடுத்த சேனல் 12.5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வரும். எனவே சேனல் 5 என்றால் 446.05625.

விற்பவர்கள் இதை "பிரைவசி கோட்" என்பார்கள். அப்படி எதுவும் இல்லை. கோட் போடாத செட் வைத்திருக்கும் எவரும் நீங்கள் பேசுவதை முழுதாகக் கேட்கலாம். மொய்ப்பணம் எந்த அறையில் இருக்கிறது என்பதை இதில் பேச வேண்டாம்.

"மோட்டாரைப் போட வேண்டாம்" என்று சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் போட்டுவிட்டார். "போட" வரைதான் கேட்டது என்கிறார். முதல் வார்த்தையும் அடிக்கடி விழுங்கப்படுகிறது. ஏன்?
*— வாசகர், கோபிசெட்டிபாளையம்*

இரண்டும் பட்டனை அமுக்கும் விதத்தில் வரும் பிழை.

முதல் வார்த்தை போவதற்குக் காரணம் எதிர்முனைச் செட் அரைத் தூக்கத்தில் இருப்பது. பேட்டரியை மிச்சப்படுத்த அது விட்டுவிட்டுத்தான் காது கொடுக்கும். விழித்து, தொனியைச் சரிபார்த்து, ஸ்பீக்கரைத் திறக்க அரை விநாடிக்கு மேலேயே ஆகலாம். அமுக்கும்போதே பேசத் தொடங்கினால் அந்த அரை விநாடிப் பேச்சு காற்றோடு போயிற்று. அமுக்குங்கள், மனதுக்குள் "ஒன்று" என்று எண்ணுங்கள், பிறகு பேசுங்கள். வாயிலிருந்து மைக் ஐந்து சென்டிமீட்டர் இருக்கட்டும். மூச்சுக்காற்று நேரே அடிக்காமல் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கத்த வேண்டாம், குரல் சிதையும்.

கடைசி வார்த்தை போவது தமிழில் கூடுதல் ஆபத்து. நம் மொழியில் மறுப்பு வினையின் வாலில் நிற்கிறது. ஆங்கிலத்தில் வால் அறுந்தாலும் "டோன்ட்" முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும். "போட வேண்டாம்" வால் அறுந்தால் "போட". "போடாதே" அறுந்தால் மிஞ்சுவது ஒரு வசவு! ஆகவே செய், செய்யாதே என்ற இரண்டையும் ஒரே வினையில் சொல்லாதீர்கள். ஓட்டுவதற்கு "மோட்டார் ஆன்", தடுக்க "நிறுத்து, நிறுத்து" என்று ஒலியிலேயே வேறுபட்ட சொற்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை சுவிட்சில் கை வைக்கக் கூடாது. பேசி முடித்து அரை விநாடி கழித்தே பட்டனை விடுங்கள்.

எண்களும் அப்படித்தான். செட் ஏறக்குறைய 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். கூர்மையான மெய்யொலிகள் அதில் மழுங்கிவிடும். "எழுபது", "அறுபது", "எண்பது" மூன்றும் ஒன்றாகக் கேட்கும். 76 என்பதை "ஏழு, ஆறு" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்.

இயர்பீஸைச் செருகியதும் செட் தானாகவே டிரான்ஸ்மிட் ஆகிறது.
*— வாசகி, சேலம்*

பிளக் முழுதாக உள்ளே போகவில்லை. இரட்டை முள் பிளக் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் பட்டன் அமுங்கியதாகச் செட் எடுத்துக்கொள்ளும். ரப்பர் மூடி இடையில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் இயர்பீஸ் வயரில் பட்டன் இருக்கும் இடத்தில் வியர்வை இறங்கியிருக்கும். வேறொன்றை மாட்டிப் பாருங்கள்.

ஃபைபர் படகில் கையடக்க வி.எச்.எஃப். செட் வைத்திருக்கிறோம். உப்புத் தண்ணீர் பட்டு ஒரு வருடத்திலேயே போய்விடுகிறது. "வாட்டர் புரூஃப்" என்றுதானே வாங்கினோம்? எவ்வளவு தூரம் கேட்கும் என்பதையும் சொல்லுங்கள்.
*— மீனவ வாசகர், நாகப்பட்டினம்*

ஐ.பி.எக்ஸ்.7 என்ற குறி இருந்தால், 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கியது என்று பொருள். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், புதுச் செட்டில் நடப்பது. கடலில் செட்டைக் கெடுப்பது தண்ணீர் போன பிறகு தங்கும் உப்பு. அது காற்றின் ஈரத்தை இழுத்து, சார்ஜ் ஏறும் பித்தளைத் தொடுமுனைகளைப் பச்சை பூக்க வைக்கும். பட்டன் இடுக்கில் படிந்து அமுக்கியது மீளாமல் செய்யும்.

கரைக்கு வந்ததும் பேட்டரி மாட்டியபடியே, எல்லா மூடியும் இறுகி இருக்கிறதா என்று பார்த்து, ஒரு வாளி நல்ல தண்ணீரில் அலசுங்கள். குழாயைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம். துடைத்துக் காய்ந்த பிறகே பேட்டரியைக் கழற்றி, தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள். பேட்டரியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் ஒரு தலைமயிரோ மணலோ இருந்தால் போதும், அடுத்த முறை தண்ணீர் அந்த வழியாக ஏறிவிடும். உள்ளே உப்புத் தண்ணீர் போய்விட்டது தெரிந்தால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். மின்சாரமும் உப்பும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் சர்க்யூட் போர்டை அரித்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காற்றோட்டமாக இரண்டு நாள் காயவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள்.

தூரத்துக்கு முதல் பதிலில் உள்ள கணக்கே. தண்ணீருக்கு 2 மீட்டர் மேலே இரண்டு படகில் இருவர் பிடித்தால் சுமார் 11.5 கிலோமீட்டர், அதாவது 6 கடல் மைல். எதிரில் 9 மீட்டர் உயர ஆன்டெனா கட்டிய விசைப்படகு என்றால் 18 கிலோமீட்டர். 64 மீட்டர் கோபுரம் உள்ள கரை நிலையம் என்றால் சுமார் 39 கிலோமீட்டர். கடல் அலை உயரமாக இருக்கும்போது தொட்டியில் உட்கார்ந்து பேசினால் இதில் பாதிகூடக் கிடைக்காது. எழுந்து, எதையாவது பிடித்துக்கொண்டு, செட்டை உயர்த்திப் பேசுங்கள். பக்கத்துப் படகோடு பேச 1 வாட் போதும். 5 வாட்டை ஆபத்துக்கு மிச்சம் வையுங்கள்.

கடலுக்கான வி.எச்.எஃப். செட்டில் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், கூப்பிடவும் ஆபத்துக்கும் மட்டும். கூப்பிட்டதும் வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும். சேனல் 70-ல் பேசவே கூடாது, அது டிஜிட்டல் அபாய அழைப்புக்கானது. உயிராபத்து என்றால் சேனல் 16-ல் 5 வாட்டில் "மேடே" மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, பிறகு பதிவு எண், ஜி.பி.எஸ். காட்டும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். இடத்தை முந்திச் சொல்லுங்கள், பேட்டரி நடுவில் போனாலும் தேட ஓர் இடம் கிடைக்கும். செல்போன் டவர் எட்டும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும் அழையுங்கள். செட்டின் மேல் யாராவது உட்கார்ந்து பட்டன் அமுங்கியபடி கிடந்தால், சுற்றியுள்ள எல்லாப் படகுக்கும் அந்த சேனல் செத்துப்போகும். படுக்கப் போட வேண்டாம், கயிறு கட்டித் தொங்கவிடுங்கள்.

புதுச் செட்டை முதலில் 16 மணி நேரம் சார்ஜ் போடச் சொல்கிறார் கடைக்காரர். திருவிழா முடிந்ததும் அடுத்த வருடம் வரை எப்படி வைப்பது?
*— வாசகர், தென்காசி*

பதினாறு மணி நேரம் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்து வழக்கம். இப்போது வருபவை லித்தியம். பச்சை விளக்கு வந்தால் எடுத்துவிடலாம். செட்டை அணைத்துவிட்டுச் சார்ஜ் போடுங்கள், சார்ஜர் தொட்டிலில் வைத்தபடி பேசாதீர்கள்.

ஆண்டு முழுதும் சும்மா கிடக்கப்போகிறது என்றால் முழு சார்ஜிலும் வைக்கக் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது. பாதி அளவில் நிறுத்தி, பேட்டரியைச் செட்டிலிருந்து கழற்றி, குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதிக்கு ஏற்றி வையுங்கள். கார் டாஷ்போர்டில் வைப்பது அதற்குச் சமாதி கட்டுவது. உப்பிய பேட்டரியைக் குத்தவோ அமுக்கி மாட்டவோ வேண்டாம். மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அமெச்சூர் ரேடியோ தேர்வில் தேறி லைசென்ஸ் வந்துவிட்டது. பாவ்ஃபெங் யூவி-5ஆர் செட்டில் ரிப்பீட்டரைச் சேமிக்க முடியவில்லை. கேட்கிறது, ஆனால் நான் பேசுவது போகவில்லை.
*— மாணவி, திருச்சி*

சேமிப்பதை ஒருமுறை மட்டும் செய்திருப்பீர்கள். இந்தச் செட்டில் கேட்கும் அலைவரிசை, பேசும் அலைவரிசை இரண்டையும் ஒரே எண்ணில் இரண்டு முறை சேமிக்க வேண்டும். ரிப்பீட்டர், அதாவது வந்த பேச்சை வாங்கி வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் நிலையம், 145.700 மெகாஹெர்ட்ஸில் பேசி 145.100-ல் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆரஞ்சுப் பட்டனை அமுக்கி அலைவரிசை நிலைக்கு வாருங்கள், மேல் வரியைத் தேர்ந்தெடுங்கள். மெனு 7-ல் இரட்டைக் கேட்பை அணையுங்கள். மெனு 28-ல் அந்தச் சேனல் எண்ணில் பழையது இருந்தால் அழியுங்கள். 145.700 அடித்து, மெனு 13-ல் ரிப்பீட்டரின் தொனியை அமைத்து, மெனு 27-ல் சேமியுங்கள். வெளியே வந்து 145.100 அடித்து, மறுபடி மெனு 27, அதே எண். அவ்வளவுதான். தொனியை மெனு 11-ல் போட்டிருந்தாலும் உங்கள் பேச்சு போகாது, அது கேட்பதற்கானது.

கூட வந்த குட்டை ஆன்டெனா 145-ல் சுமார்தான். ஆன்டெனாவின் அடியில் உள்ள உலோக வளையத்தில் 49 சென்டிமீட்டர் வயர் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். கால் அலைநீளம் அது. செட்டின் சிறிய உடம்பால் தர முடியாத 'கிரவுண்டை', அதாவது ஆன்டெனாவின் மறுபாதியை, அந்த வயர் தருகிறது. ஆனால் ஆன்டெனாவே இல்லாமல் பட்டனை அமுக்கிவிடாதீர்கள். வெளியேற வழியில்லாத சக்தி திரும்பி வந்து கடைசி டிரான்சிஸ்டரைச் சுடும்.