பதில்: 14 வயது மகன், சிங்கப்பூர் பிஆர், தேசிய சேவை

வணக்கம் சகோதரி. மகனை இரண்டு வருஷம் மதுரையில் பாட்டி வீட்டில் படிக்க வைத்துவிட்டு, 18 வயது ஆகும்போது பிஆரை (சிங்கப்பூர் நிரந்தரவாசத் தகுதியை) ஒப்படைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். உங்கள் மூலம் பிஆர் வாங்கியவன் என்பதால் அவனுக்கு தேசிய சேவை, அதாவது ராணுவம் போன்ற சீருடைப் பணி, கட்டாயம். விலக்கு, முதலில் பிஆர் வாங்கிய உங்கள் கணவருக்குத்தான். 13 வயதைத் தொட்டுவிட்டால், 3 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க முன் அனுமதி வேண்டும். 2 வருஷம் என்றால் பிணைத்தொகையும் உண்டு: 75,000 சிங்கப்பூர் வெள்ளி, அல்லது பெற்றோர் இருவரின் ஆண்டு வருமானத்தில் பாதி, எது அதிகமோ அது. சாதாரணக் குடும்பத்துக்கு இது பெரிய பாரம்.

சேவை செய்யாமல் பிஆரை விட்டால், பின்னாளில் அவன் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும். உங்கள் ரீ-என்ட்ரி பெர்மிட் (வெளிநாடு போனாலும் பிஆரை இழக்காமல் திரும்பி வருவதற்கான அனுமதி) புதுப்பிப்பையும் பாதிக்கலாம்.

பதினாறரை வயதில் தேசிய சேவைக்கான பதிவுக் கடிதம் வரும். அதற்கு முன்னால் அவனையும் உட்கார வைத்துப் பேசுங்கள். சீருடை போடப்போவது அவன்தானே. டிக்கெட்டை அனுமதி கைக்கு வந்தபிறகு போடுங்கள்.