சிமுலேஷன் நேரம் கூடக்கூட முடிவு மேம்படுவது ஏன்?

கேள்வி: என்எஸ்-3 என்ற நெட்வொர்க் சிமுலேஷன் மென்பொருளில் 50 கணுக்களை (வயர்லெஸ் சாதனங்களை) 1000 மீட்டர் பக்கமுள்ள சதுரப் பரப்பில், ரேண்டம் வேபாயிண்ட் என்ற நகர்வு மாதிரிப்படி, விநாடிக்கு 0 முதல் 20 மீட்டர் வேகத்தில் நகரவிட்டு, பாக்கெட்டுகளுக்கு வழி கண்டறியும் ஏஓடிவி நெறிமுறையைச் சோதிக்கிறேன். 100 விநாடி ஓட்டத்தைவிட 900 விநாடி ஓட்டத்தில் அதிக பாக்கெட்டுகள் சென்று சேர்கின்றன. எதை ஆய்வுக் கட்டுரையில் தருவது?

பதில்: இரண்டையும் தர வேண்டாம். உங்கள் நெட்வொர்க் மேம்படவில்லை. கணுக்களின் நடமாட்டம்தான் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வருகிறது. இம்மாதிரியில் ஒவ்வொரு கணுவும் ஓர் இலக்கையும் ஒரு வேகத்தையும் தேர்ந்தெடுத்து, அங்கே சேர்ந்த பிறகே அடுத்த வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறது. 500 மீட்டர் தொலைவை 20 மீட்டர் வேகத்தில் 25 விநாடியில் கடக்கும் கணு விரைவில் புது வேகம் பெறும், 0.1 மீட்டர் வேகம் வாய்த்த கணுவோ அதே தொலைவுக்கு 5000 விநாடி எடுத்துக்கொள்வதால், உங்கள் ஓட்டம் முடியும்வரை அந்த வேகத்திலேயே சிக்கிக்கிடக்கும். இப்படி மெதுவான கணுக்கள் சேரச்சேரச் சராசரி வேகம் சுழியத்தை நோக்கி இறங்குகிறது, வழிகளும் அறுபடாமல் நீடிக்கின்றன. யூன், லியூ, நோபிள் ஆகியோர் 2003-இலேயே இதை விளக்கிவிட்டார்கள். ஆனாலும் 0 என்ற கீழெல்லை இன்றும் வழக்கொழியவில்லை.

கீழெல்லையை 1, மேலெல்லையை 19 என வையுங்கள். நிலைத்த பின் கிடைக்கும் சராசரி வேகம் 10 அன்று, ஏறத்தாழ 6.1 மீட்டர்தான், எனவே கட்டுரையில் சராசரி 10 என்று எழுதிவிடாதீர்கள்.

100 விநாடி முடிவையும் நம்ப முடியாது. தொடக்கத்தில் சீராகப் பரவியிருக்கும் கணுக்கள், பரப்பின் குறுக்கே போய்வருவதால், நாளடைவில் நடுப்பகுதியில் நெருங்குகின்றன. அங்கே அலைவரிசைக்கான போட்டி கூடி, மோதல்கள் பெருகி, வைஃபையின் காத்திருப்புச் சாளரம் (மீண்டும் அனுப்பும் முன் எத்தனை நேரத்துண்டுகள் வரை காத்திருக்கலாம் என்ற எல்லை) 15-லிருந்து ஏறத்தாழ இருமடங்காகப் பெருகிக்கொண்டே 1023 வரை விரியக்கூடும். வேகக் குறைவும் நெரிசலும் எதிரெதிர்த் திசையில் இழுக்க, உங்கள் எண் எதை அளக்கிறது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

ஆகவே என்எஸ்-3-இல் உள்ள ஸ்டெடிஸ்டேட் ரேண்டம் வேபாயிண்ட் மாதிரியைப் பயன்படுத்துங்கள். அது நிலைத்த பரவலிலிருந்தே கணுக்களைத் தொடங்கிவைக்கும். வழி அட்டவணைகள் நிரம்பும் தொடக்க விநாடிகளை அப்போதும் கழித்துவிடுங்கள். மீள் ஓட்டங்களுக்கு சீட் எண்ணை (தற்போக்கு எண்களின் தொடக்க மதிப்பை) மாற்றாமல், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தரும் ரன் எண்ணை மட்டும் மாற்றுங்கள். இரு நெறிமுறைகளை ஒப்பிடுவதானால், நகர்வுக்கான தற்போக்கு எண் ஓடைகளை என்எஸ்-3-இன் அசைன்ஸ்ட்ரீம்ஸ் கட்டளை கொண்டு நிலைப்படுத்துங்கள். இல்லையேல் ரன் எண் ஒன்றாகவே இருந்தாலும், இரண்டிலும் கணுக்கள் வெவ்வேறு பாதைகளில் நகரக்கூடும்.