லைக் வருகிறது, ஃபாலோயர்கள் கூடவில்லை: குறும்பதிவுகளை எப்படி எழுதுவது?

கேள்வி: எனக்குத் தெரிந்த விஷயங்களைச் சமூக வலைத்தளங்களில் சின்னச் சின்னப் பதிவுகளாக எழுதுகிறேன். லைக் ஓரளவு வருகிறது. ஆனால் ஃபாலோயர்கள் கூடவே மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் பதிவு மோசமாக இருந்திருந்தால் லைக்கே வந்திருக்காது. ஆகவே எழுத்தில் பெரிய குறை எதுவும் இருக்காது என்றே நினைக்கிறேன். ஒரு பதிவு பிடித்திருந்தால் லைக் போடுவார்கள். இவர் அடுத்து எழுதப்போவதும் நமக்கு வேண்டியதாகத்தான் இருக்கும் என்று தோன்றினால்தான் ஃபாலோ செய்வார்கள். உங்கள் வாசகர்களுக்கு அந்த இரண்டாவது நம்பிக்கை இன்னும் வரவில்லை.

நான் இரவு வானத்தைப் பற்றி எழுதுபவன். நிலா, கோள்கள், விண்மீன்கள், அதுவும் வெறும் கண்ணால் பார்க்கக்கூடியவை பற்றி. அதனால் உதாரணங்கள் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்தே வரும். நீங்கள் தையல் பற்றி எழுதினாலும் வரிக்கணக்கு பற்றி எழுதினாலும் விஷயம் ஒன்றுதான்.

ஒருவருக்கு உங்கள் பதிவு பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைத் தொட்டு உங்கள் பக்கத்துக்கு வருகிறார். கடைசி ஐந்தாறு பதிவுகளை மேலோட்டமாகப் பார்க்கிறார். ஒன்றில் நிலா, அடுத்ததில் அரசியல் கோபம், அதற்கடுத்து எங்கிருந்தோ வந்த காலை வணக்கப் படம் என்று இருந்தால், அடுத்து என்ன வரும் என்று அவரால் ஊகிக்க முடியாது. திரும்பிப் போய்விடுவார். அதே இடத்தில் ஐந்தும் வானத்தைப் பற்றியே இருந்தால், வானத்தில் ஆர்வம் உள்ளவர் அங்கேயே முடிவு செய்துவிடுவார். ஒரே விஷயத்தை எழுதினால் சலித்துப்போகும் என்று பலர் பயப்படுகிறார்கள். தொடர்ந்து எழுதும் உங்களுக்குத்தான் அது சலிக்கும். வாசகர் கண்ணில் உங்கள் பதிவுகளில் பாதிகூடப் படுவதில்லை.

சரி, இனி பதிவுக்குள் போவோம். குறும்பதிவில் முதல் வரிதான் எல்லாம். வானியல் பதிவுகளில் அடிக்கடி பார்க்கும் தொடக்கம் இது: "வானியல் மிகவும் சுவாரசியமான துறை. இன்று நாம் வெள்ளிக் கோளைப் பற்றிச் சில அரிய தகவல்களைக் காண்போம்." இதில் ஒரு தகவல்கூட இல்லை. வாசகர் விரல் அதற்குள் நகர்ந்திருக்கும். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "வெள்ளிக் கோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள 243 நாள் ஆகிறது. சூரியனைச் சுற்றிவர 225 நாள் போதும்." வியக்கச் சொல்லும் சொல் ஒன்றுகூட இதில் கிடையாது. வாசகரே இரண்டு எண்களையும் ஒப்பிட்டு, 'அட, அப்படியானால்...' என்று நிற்கிறார். அந்த இடத்தை அவருக்கு விட்டுக்கொடுங்கள். 'எவ்வளவு ஆச்சரியம் பாருங்கள்' என்று நீங்களே சொல்லி அவரை முந்திக்கொள்ள வேண்டாம்.

ஆர்வத்தைத் தூண்டுகிறேன் என்று எல்லாவற்றையும் மறைத்துவைப்பது இன்னொரு வகை. "இதைத் தெரிந்துகொண்டால் அசந்துபோவீர்கள்" என்ற ரகம். ஜார்ஜ் லோவென்ஸ்டைன் என்ற ஆய்வாளர் 1994-இல் ஆர்வத்துக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருப்பதை உணரும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது என்பது அவர் வாதம். இதில் பலர் கவனிக்காமல் விடுவது, இடைவெளியை உணரவே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்பதை. எதுவுமே தராமல் மறைத்தால் வாசகருக்குப் பிடிமானம் இருக்காது. பாதியைக் கையில் கொடுத்தால் மீதியைத் தேடி அவரே வருவார்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த இடத்தில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும். 'சென்று', 'பார்த்து', 'அறிந்து' என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால், என்ன நடந்தது என்பது தெரிய வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே 2,200 எழுத்துக்கள்வரை எழுதலாம், ஆனால் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் திரையில் முதல் இரண்டு வரிதான் தெரியும், மீதி 'மேலும்' என்பதற்குள் ஒளிந்துகொள்ளும். நீளமான வாக்கியமாக இருந்தால் வினைச்சொல்லே அந்த மறைவுக்குள் போய்விடும். அதனால் முதல் வாக்கியத்தை ஆறேழு சொற்களுக்குள் முடித்துவிடுவது என் வழக்கம். அப்புறம் நீட்டிக்கொள்ளலாம்.

எழுத்துக் கணக்கிலும் தமிழுக்கு இடம் குறைவு. இன்று எக்ஸ் எனப்படும் ட்விட்டர் 2006-இல் வந்தபோது குறுஞ்செய்தியின் 160 எழுத்து வரம்புக்குள் அடங்க வேண்டும் என்று பதிவுக்கு 140 வைத்தார்கள், 2017 நவம்பரில் அது 280 ஆனது. ஆனால் அங்கே எண்ணுவது ஒருங்குறி (யூனிகோட்) குறியீடுகளை. 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. அங்கே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. ப்ளூஸ்கை என்ற தளத்தில் வரம்பு 300 என்றாலும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே எண்ணுகிறார்கள், அதனால் 'தமிழ்' மூன்றாகவே இருக்கும். எக்ஸ் தளத்தில் கட்டணமில்லாக் கணக்கில் தமிழில் எழுதினால் பெரும்பாலும் முப்பது சொற்களைச் சுற்றி முடித்தாக வேண்டும் என்று மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். இந்த நெருக்கடி எனக்குப் பிடிக்கும். 'என்பதை நாம் அனைவரும் அறிவோம்', 'என்றே சொல்லலாம்' போன்றவை தானாகவே உதிர்ந்துவிடும்.

ஒரு பதிவுக்கு ஒரு விஷயம். வெள்ளியின் சுழற்சியைச் சொல்லும்போது அதன் வெப்பத்தையும் மேகத்தையும் சேர்த்துத் திணிக்கத் தோன்றும். திணித்தால் எதுவும் நிற்காது. அவை ஒவ்வொன்றும் தனிப் பதிவுக்கான சரக்கு, ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

இனி, நான் மிக முக்கியமாக நினைப்பது: கமெண்ட். பதிவின் கடைசியில் 'உங்கள் கருத்து என்ன?' என்று கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை, ஏனென்றால் அது எல்லாரையும் பொதுவாகக் கேட்கும் கேள்வி. வாசகர் தன் அனுபவத்திலிருந்து உடனே சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்க வேண்டும். அதைவிட நல்லது, அவருக்கு ஒரு சின்ன வேலை கொடுப்பது. "இன்று நிலா உதிக்கும்போது பெரிதாகத் தெரியும். கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள். உச்சிக்கு வந்ததும் மறுபடி மறைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்ததா?" நிலாவின் அகலம் வானில் ஏறக்குறைய அரை பாகைதான் (டிகிரி), நீட்டிய கையின் சுண்டுவிரல் இரண்டு நேரத்திலும் அதைச் சுலபமாக மறைத்துவிடும். பார்த்தவர்கள் வந்து சொல்லாமல் இருக்க மாட்டார்கள். குழந்தையோடு மாடியேறிப் பார்த்ததாகச் சொல்வார்கள், மேகம் மறைத்துவிட்டதாகக் குறைபட்டுக்கொள்வார்கள், 'பிறகு ஏன் பெரிதாகத் தெரிகிறது?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் உங்கள் அடுத்த பதிவு. கேட்டவர் அதற்காகக் காத்திருப்பார்.

அப்படி வந்து சொல்பவர்களுக்குக் கட்டாயம் பதில் எழுதுங்கள். மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும், எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்யும் அல்காரிதமும் இதைத்தான் பார்க்கிறது. ட்விட்டர் 2023 மார்ச் 31 அன்று தன் பரிந்துரை நிரலை வெளியிட்டது. தொடர்ந்து வெளியான விவரங்களில் ஒவ்வொரு செயலுக்கும் எவ்வளவு எடை என்பதும் இருந்தது. லைக்குக்கு 0.5, ரீட்வீட்டுக்கு 1, பதிலுரைக்கு 13.5. அந்தப் பதிலுரையோடு எழுதியவரும் ஈடுபட்டால் 75. யாராவது 'இந்த மாதிரிப் பதிவு வேண்டாம்' என்று அழுத்தினாலோ உங்களைத் தடுத்தாலோ கழித்தல் 74, புகார் செய்தால் கழித்தல் 369. இது அன்றைய கணக்கு, எடைகளை அடிக்கடி மாற்றுவார்கள். இருந்தாலும் இயந்திரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரிகிறதல்லவா? கோபமூட்டி ரீச் வாங்க நினைப்பவர்கள் அந்தக் கழித்தல் எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும். 'பிடித்தால் லைக் போடு, நண்பரை டேக் செய்' என்று கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது.

யாரும் பேசவில்லை என்பதால் யாரும் படிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். இணையக் குழுக்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் படிப்பதோடு சரி, 9 சதவீதம் பேர் எப்போதாவது பங்களிப்பார்கள், பெரும்பகுதியை எழுதுவது 1 சதவீதம்தான் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006-இல் எழுதினார். தோராயமான கணக்குதான், ஆனால் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. அதனால் லைக்கை மட்டும் பார்க்காமல், எந்தப் பதிவைச் சேமித்தார்கள், எதைப் படித்துவிட்டு உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்பதையும் பாருங்கள். ஃபாலோயர் கூடுவது அந்த வகைப் பதிவுகளால்தான்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, ஏனோ கூச்சத்தால் பலர் பயன்படுத்துவதில்லை. உங்கள் துறையில் ஏற்கெனவே வாசகர்கள் உள்ள ஒருவரின் பதிவுக்குக் கீழே, அவர் சொன்னதற்கு வலுச்சேர்க்கும் ஒரு தகவலை எழுதுங்கள். 'அருமை', 'சூப்பர்' வேண்டாம். 'என் பக்கத்துக்கும் வாருங்கள்' வேண்டவே வேண்டாம். நல்ல கமெண்ட் ஒவ்வொன்றும் ஒரு குறும்பதிவுதான், வாசகர்கள் ஏற்கெனவே கூடியிருக்கும் இடத்தில் எழுதிய குறும்பதிவு.

ஹேஷ்டேக், எந்த மணிக்குப் போடுவது போன்றவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பொருத்தமான ஒன்றிரண்டு ஹேஷ்டேக் போதும். உங்கள் வாசகர்கள் விழித்திருக்கும் நேரமாக, நீங்கள் பதில் சொல்ல முடிகிற நேரமாக இருந்தால் சரி.

ஆனால் சரிபார்ப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீளமான கட்டுரையில் 'சில சமயம்', 'ஒரு வகையில்' என்று சொல்ல இடம் உண்டு. இரண்டு வரிப் பதிவில் கிடையாது, எழுதியதெல்லாம் அடித்துச் சொன்னதாகவே தெரியும். மேலே சொன்ன வெள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வெள்ளியில் ஒரு நாள் ஓர் ஆண்டைவிட நீளம்' என்று பலரும் எழுதுகிறார்கள். தன்னைத்தானே சுற்றும் காலத்தை நாள் என்று கொண்டால் சரிதான். சூரியன் உதித்து மறுபடி உதிப்பதை நாள் என்று கொண்டால் சுமார் 117 புவி நாட்கள்தான், ஏனென்றால் வெள்ளி எதிர்த்திசையில் சுழல்கிறது. 'தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள' என்று நான் எழுதியதற்கு அதுதான் காரணம். விஷயம் தெரிந்த வாசகர் ஒருவர் இந்தக் கவனத்தைப் பார்த்தால் உங்களை விட்டுப் போக மாட்டார். அவர் பகிரும்போது வருகிறவர்களும் அவரைப் போன்றவர்களாகவே இருப்பார்கள். அடுத்தவர் பதிவையோ படத்தையோ எடுத்தால் பெயரைப் போட்டுவிடுங்கள்.

திடீரென்று ஒரு பதிவு ஓடத் தொடங்கினால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வேறு எதையும் எழுத வேண்டாம். கமெண்ட்களில் இருங்கள். உங்கள் பக்கத்தின் அறிமுக வரியில் எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பது ஒரே பார்வையில் தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் சிறந்த பதிவு ஒன்றைப் பக்கத்தின் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்து வையுங்கள். மறுநாள், ஓடிய பதிவின் கமெண்ட்களில் அதிகம் பேர் கேட்ட கேள்விக்கு விடையைத் தனிப் பதிவாகப் போடுங்கள்.