கடலோரத்தில் வீடு வாங்குகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

பருவநிலை மாற்றம் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. கடல் உயரப்போகிறது என்று எட்டு வருடம் பேசிய ஒபாமா, பதவி முடிந்ததும் ஒரு தீவில் தண்ணீரை ஒட்டி வீடு வாங்குகிறார். பில் கேட்ஸ் தனி விமானத்தில் பறந்துகொண்டே நம்மைப் புகையைக் குறைக்கச் சொல்கிறார். சொல்வதை இவர்களே நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? ஊருக்குத்தான் உபதேசமா? போன வருடம்தான் தவணையில் ஏசி வாங்கினேன். அதைப் போடும்போது உறுத்தல் வரவேண்டியது எனக்கா?

குமரன்

அன்புள்ள குமரன்,

உங்கள் கோபத்தில் தப்பே இல்லை, எனக்கும் அது உண்டு. இவர்கள் நடந்துகொள்ளும் விதத்தால் பெரிய சேதம் ஆகிறது. அமெரிக்காவில் ஷாஹ்சீன் அட்டாரி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2016-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆலோசனை சொல்லும் விஞ்ஞானியே வீட்டில் மின்சாரத்தை வாரி இறைக்கிறார், அடிக்கடி விமானத்தில் பறக்கிறார் என்று தெரிந்தால் மக்கள் அவர் பேச்சை அவ்வளவாக மதிப்பதில்லை. கேட்ஸுக்கும் இது தெரியும். இதைச் சொல்ல நான் பொருத்தமான ஆளில்லை என்ற பொருளில், தன் தனி விமானத்தையும் ஒப்புக்கொண்டு 2021-ல் அவரே எழுதினார். எழுதிவிட்டு மறுபடி அதே விமானத்தில் ஏறினார் என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

ஆனால் ‘நம்பவில்லை’ என்று நீங்கள் முடிக்கிற இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒபாமா வீட்டையே எடுத்துக்கொள்வோம். மாசச்சூசெட்ஸ் கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வினியார்ட் தீவு, எட்கர்டவுன் ஊர், 29 ஏக்கர். 2019-ல் வாங்கினார், விலை 1 கோடியே 17 லட்சம் டாலருக்கு மேல். அதே ஊரின் இன்னொரு பக்கத்தில் மணல் மேடு மளமளவென்று சரிந்து கடல் நெருங்கியபோது, 2013-ல் ஒரு பணக்காரரின் மாளிகையை அப்படியே பெயர்த்தெடுத்து உள்பக்கம் தள்ளி வைத்தார்கள். கடல் வந்தால் பெயர்த்து நகர்த்தலாம், இல்லையா, விட்டுவிட்டு வேறு வாங்கலாம். நூறு வருடத்தில் கடல் எவ்வளவு ஏறும் என்ற கணக்கெல்லாம் அவர்களுக்குப் பயம் தருவதில்லை. கடல் ஏறும் என்று நம்புகிறார்கள், ஆனால் தங்கள் வாசற்படி வரை வராது, வந்தாலும் பணத்தால் சமாளித்துவிடலாம் என்றும் நம்புகிறார்கள். எனக்கு இது பொய்யைவிட மோசமாகத் தெரிகிறது.

ஒருவர் எதை நம்புகிறார் என்று தெரியவேண்டுமானால், மேடையில் பேசுவதை விட்டுவிட்டு அவருடைய பணம் மாட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். புவி வெப்பமாதல் என்பதே சீனர்கள் கட்டிவிட்ட கதை என்று 2012-ல் ட்விட்டரில் எழுதியவர் டிரம்ப். அயர்லாந்தின் மேற்குக் கரையில் டூன்பெக் என்ற ஊரில் அவருக்கு ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அங்கே அட்லாண்டிக் அலைகள் மணல் குன்றுகளை அரித்துக்கொண்டே வந்தன. 2016-ல், அவர் தேர்தல் பிரச்சாரத்தில் இருந்த அதே சமயத்தில், கரையோரம் பாறைச் சுவர் கட்ட அனுமதி கேட்டு அவருடைய நிறுவனம் உள்ளூர் நிர்வாகத்திடம் மனு போட்டது. புவி வெப்பமாதலும் அதன் விளைவுகளும் அரிப்பைக் கூட்டும் என்று அந்த மனுவிலேயே காரணம் சொல்லியிருந்தார்கள். ட்விட்டரில் எழுதியதை நம்புவதா, மனுவில் எழுதியதை நம்புவதா? நான் மனுவைத்தான் நம்புவேன்.

ஷெல் என்ற எண்ணெய் நிறுவனம் இன்னும் முந்தியது. நார்வேக்கு அருகே வடகடலில் டிரோல் என்ற எரிவாயு வயலுக்குக் கடலில் நிற்கும் மேடை வடிவமைத்தபோது, கடல் மட்டம் உயரப்போவதைக் கணக்கில் எடுத்து, மேடையை ஒன்றிரண்டு மீட்டர் உயர்த்துவது பற்றி 1989-லேயே திட்டமிட்டார்கள். எண்பதுகளில் போட்ட திட்டம் இது! பருவநிலை நடவடிக்கைகளை எதிர்த்துப் பிரச்சாரம் செய்த தொழில் கூட்டணி ஒன்று அமெரிக்காவில் இருந்தது. 1998 வரை அதிலும் ஷெல் உறுப்பினர்.

அமெரிக்க எண்ணெய் நிறுவனம் எக்ஸானின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 2019-20 வாக்கில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 415 பங்காக இருக்கும், வெப்பம் ஏறத்தாழ 1 டிகிரி கூடியிருக்கும் என்று அவர்களுடைய விஞ்ஞானிகள் 1982-ல் உள்ளுக்குள் வரைந்து வைத்த வரைபடம் பிறகு வெளியே வந்தது. அப்படியே பலித்தது. ஆனால் அதே நிறுவனத்தின் தலைவர் லீ ரேமண்ட் 1997-ல் பெய்ஜிங்கில் பேசும்போது, இருபது வருடத்துக்கு முன் இருந்ததைவிட இன்று பூமி குளிர்ந்திருக்கிறது என்றார். குமரன், நம்பாத ஒன்றை ஊருக்குச் சொன்ன மேல்தட்டு ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களை இந்த எண்ணெய் நிறுவனங்களின் பக்கம் தேடிப் பாருங்கள்.

அப்புறம், இந்த விஷயம் ஒபாமாவையோ கேட்ஸையோ நம்பி நிற்கவில்லை. நிலக்கரியை எரித்தால் பூமி சூடாகும் என்று ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரேனியஸ் 1896-ல் கையால் கணக்குப் போட்டார். ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-ல் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்க ஆரம்பித்தபோது கரியமில வாயு சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கருவிக்கு யாருடைய வீடும் விமானமும் தெரியாது.

சரி, உங்கள் ஏசிக்கு வருகிறேன். உலகின் மேல்தட்டு 1 சதவீதம் பேர் 2019-ல் வெளியிட்ட கரியமில வாயு, மிக ஏழைகளான 500 கோடி பேர் வெளியிட்டதற்குச் சமம் என்பது ஆக்ஸ்ஃபாம் என்ற வறுமை ஒழிப்பு அமைப்பின் கணக்கு. தவணை கட்டி ஒரு ஏசி வாங்கியவரிடம் வந்து உறுத்தலைப் பற்றிப் பேச அந்த 1 சதவீதத்தில் யாருக்கும் தகுதியில்லை. மே மாத ராத்திரியில் வீட்டில் இருப்பவர்கள் தூங்க வேண்டும், தயங்காமல் போடுங்கள். மின்விசிறியையும் கூடவே ஓடவிட்டு 26-ல் வைத்தால் போதும், கரண்ட் பில்லும் குறையும்.