பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?

வாசகர் கேள்விகளுக்கு நம் பழைய கேசட் கடைக்காரர் பதில் சொல்கிறார்

(போன இதழில் போகிற போக்கில் "ராப்பும் கலைதான்" என்று ஒரு வரி எழுதினேன். அதன் வினை, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

*முப்பது வருஷமாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். ராப்பில் ராகம் இல்லை, சங்கதி இல்லை. வேகமாகப் பேசினால் அது சங்கீதமா? உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை.*
– ஒரு வாய்ப்பாட்டு ஆசிரியை, கும்பகோணம்

கோபம் நியாயம்தான் அம்மா. நானும் அப்படிக் கேட்டவன். தொண்ணூறுகளில் மதுரையில் என் ரெக்கார்டிங் கடைக்கு ஒரு கல்லூரிப் பையன் வெளிநாட்டு ராப் கேசட் ஒன்றைக் கொண்டுவந்து பிரதி கேட்டான். போட்டேன். மூன்று நிமிஷம் ஓடிற்று. "தம்பி, பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்றேன். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை. "அண்ணே, அது முடியவே போகுது" என்றான்.

ராகத்தைத் தேடினால் அங்கே கிடைக்காது. தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் யாரும் ராகத்தைத் தேடுவதில்லை, தாளச் சொற்களை வாயாலேயே கொன்னக்கோலாகச் சொல்பவரைப் பார்த்து "ஏன் பேசுகிறார்?" என்று கேட்பதும் இல்லை. ராப்பின் வேலை முழுக்க லயத்தில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், சொல்லித்தருவீர்கள் அல்லவா, சமம், அதீதம், அனாகதம் என்று? அந்தக் காதோடு கேளுங்கள். எழுபதுகளின் கடைசியில் வந்த ராப்பர்கள் பெரும்பாலும் தாளத்தோடு ஒட்டியே எடுப்பார்கள். வரி முடிகிற இடத்தில் ஆணி அடித்த மாதிரி ஒரு ஒலி ஒப்புமை வந்து விழும். நம் செய்யுளில் எதுகை வரியின் தலையில் உட்காரும். அவர்களுடையது வாலில். நம் இலக்கணத்தில் இயைபு என்போமே, அது.

அந்த வாலை ஒருவர் அறுத்தார். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டைச் சேர்ந்த ரக்கிம். எரிக் பி என்பவரோடு சேர்ந்து 1987-ல் 'பெய்ட் இன் ஃபுல்' என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார். ரக்கிம் சாக்ஸஃபோன் வாசித்தவர். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் வாசிப்பிலிருந்து கற்றுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். வரியின் நடுவில் ஒன்று, அதை ஒட்டி இன்னொன்று, அடுத்த வரிக்குள் பாதி தூரம் போய் மூன்றாவது என்று ஒலி ஒப்புமைகளை இறைத்துவிட்டார். வாக்கியம் ஒரு வரியில் தொடங்கி அடுத்த வரியின் நடுவில் முடியும், தாளம் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். குரலும் உயராது, வேகமும் கிடையாது. நிதானமாகச் சொல்லுகிற மனிதர்.

கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். அப்புறமும் பிடிக்காமல் போகலாம். ஆனால் "வேகமாகப் பேசுகிறான்" என்று எனக்கு எழுதமாட்டீர்கள்.

*ஹிப்ஹாப்பை யார் கண்டுபிடித்தது?*
– பத்தாம் வகுப்பு மாணவன், தேனி

தம்பி, ராப், இசைத்தட்டு போடுவது, ஆட்டம் எல்லாம் சேர்ந்ததுதான் ஹிப்ஹாப். அதன் கதையை என் கடையிலிருந்தே சொல்கிறேன். பிப்ரவரி வந்தால் பள்ளிக்கூட ஆண்டு விழா டீச்சர்கள் வரிசையில் நிற்பார்கள். "சார், பாட்டு வேண்டாம். நடுவுல அந்த நாதஸ்வர மியூசிக் பிட் வருதே, அதை மட்டும் நாலு தரம் போடுங்க. பிள்ளைங்க வரிசை மாறணும்." பிட் பன்னிரண்டு விநாடிதான் இருக்கும். ஒரு டெக்கில் ஓடவிட்டு இன்னொன்றில் ரெக்கார்ட் பட்டனையும் பாஸ் பட்டனையும் அமுக்கிப் பிடித்துக்கொள்வேன். பிட் முடிந்ததும் பாஸ். டேப்பைப் பின்னால் சுற்று. மறுபடி விடு. ஒட்டுப்போட்ட இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பிள்ளைகள் அந்த டிக்கையே தாளமாக வைத்துக்கொண்டு திரும்பினார்கள்.

இதே தேவைதான் அங்கேயும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்கிற அடுக்குமாடிக் கட்டடத்துப் பொழுதுபோக்கு அறையில், 1973 ஆகஸ்ட் 11 அன்று ஒரு விருந்து. நடத்தியது சிண்டி கேம்பல் என்ற பெண், பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி வாங்கப் பணம் சேர்க்க. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. இசைத்தட்டு போட்டவர் அவளுடைய அண்ணன் கிளைவ் கேம்பல், ஜமைக்காவில் பிறந்தவர், டி.ஜே. கூல் ஹெர்க் என்றால் ஊருக்குத் தெரியும். பாட்டில் குரல் நின்று டிரம்ஸ் மட்டும் வரும் இடத்தில்தான் கூட்டம் வெறியாக ஆடுகிறது, ஆனால் அது சில விநாடிகளில் தீர்ந்துபோகிறது என்பதை ஹெர்க் கவனித்திருந்தார். அதனால் ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி, இரண்டு டர்ன்டேபிள். ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றதில் முள்ளை அதே இடத்தில் வைப்பார். அது ஓடும்போது முதல் தட்டை மறுபடி தயார் செய்வார். பன்னிரண்டு விநாடியை எத்தனை நிமிஷம் வேண்டுமானாலும் இழுக்கலாம்.

டிரம்ஸ் மட்டும் வரும் அந்த இடத்துக்கு 'பிரேக்' என்று பெயர். எண்பதுகளில் நம் ஊரில் கையைக் காலை வெட்டி ஆடினாலே 'பிரேக் டான்ஸ்' என்றோம், எது பிரேக் என்று யாரும் கேட்கவில்லை. (2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் பதக்கம் கொடுத்தார்களே, அதுவும் இங்கிருந்து போனதுதான்.)

*அடுத்தவர் இசையை வெட்டி எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொள்வதற்கு 'ஸாம்பிளிங்' என்று கௌரவமான பெயர். நேரடியாகத் திருட்டு என்று சொல்ல உங்களுக்கு என்ன தயக்கம்?*
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி

திருட்டைப் பற்றிக் கேசட் கடைக்காரனிடமே கேட்கிறீர்கள், ஐயா! இருபது வருஷம் எல்.பி. தட்டிலிருந்து காலி கேசட்டுக்கு ஏற்றிக் கொடுத்துச் சாப்பிட்டவன் நான். ஒரு இசையமைப்பாளருக்கும் ஒரு பைசா அனுப்பியதில்லை. அதனால் எனக்குத் தெரிந்த விஷயம் என்று சொல்லத் துணிகிறேன்.

1979-ல் ஷுகர்ஹில் கேங் என்ற மூவர் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற தட்டைக் கொண்டுவந்தார்கள். ராப் முதலில் பெரிய அளவில் விற்றது அதுதான். பின்னால் ஓடும் இசை 'ஷிக்' குழுவினுடையது, அதை ஸ்டுடியோவில் ஆள் வைத்து மறுபடி வாசிக்க வைத்தார்கள். ஷிக் குழுவின் இருவரும் சண்டை போட்டுத் தங்கள் பெயரைச் சேர்க்க வைத்துவிட்டார்கள். கணக்கு தீர்ந்தது. தீராத கணக்கு வேறு. மூவரில் ஒருவர் பாடிய வரிகள் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவருடைய நோட்டிலிருந்து வந்தவை. எழுதியவர் தன் பட்டப்பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும் இடத்தைக்கூட மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார்! அதற்குக் காஸுக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை. இதைத் திருட்டு என்று சொல்ல எனக்குத் தயக்கமே கிடையாது.

ஸாம்பிளிங் வேறு ரகம். 1969-ல் வின்ஸ்டன்ஸ் என்ற குழு ஒரு தட்டின் பின்பக்கத்தை நிரப்ப 'ஏமன் பிரதர்' என்று ஒரு பாட்டை வாசித்தது. நடுவில் ஆறேழு விநாடிக்கு கிரிகரி கோல்மன் தனியாக டிரம்ஸ் வாசிப்பார். உலகத்திலேயே அதிகமாக வெட்டி எடுக்கப்பட்ட இசைத் துண்டுகளில் அது ஒன்று. அதை மெதுவாக்கி, துண்டாக்கி, வரிசை மாற்றி, மேலே வேறு ஒன்றை ஏற்றி, கோல்மனே கேட்டாலும் தன்னுடையது என்று சட்டென்று கண்டுபிடிக்க முடியாதபடி செய்தவர்கள் உண்டு. செங்கல் பழையதாக இருந்தாலும் அந்தக் கட்டடம் புதிது. பழைய பாட்டின் பல்லவியை முழுசாக ஓடவிட்டு மேலே நாலு வார்த்தை பேசுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி உங்கள் கருத்தே என் கருத்தும்.

கோல்மன் 2006-ல் வீடு வாசல் இல்லாமல் செத்துப்போனார். அந்த ஆறு விநாடிக்காக அவருக்கு ஒன்றும் வரவில்லை. குழுத் தலைவருக்கு 2015-ல் ரசிகர்கள் கூடி 24,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தார்கள், அவ்வளவே.

சட்டம் வந்ததே என்பீர்கள். 1991-ல் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மீதான வழக்கில் அமெரிக்க நீதிபதி "களவு செய்யாதிருப்பாயாக" என்ற பைபிள் வசனத்தோடு தீர்ப்பை ஆரம்பித்தார். அதன் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, கட்டணம். அந்தப் பணம் பாட்டின் உரிமையை வைத்திருக்கும் கம்பெனிக்கும், எழுதியவர் என்று பதிவானவருக்கும் போகிறது. டிரம்ஸ் வாசித்தவர் அந்தப் பட்டியலில் இருப்பது அபூர்வம். பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்கு டிரம்ஸ் வாசித்த கிளைட் ஸ்டபில்ஃபீல்டும் அப்படி வெறுங்கையோடு நின்றவர்தான். வசனம் நல்ல வசனம், காவல் நின்றது வேறு வீட்டு வாசலில்.

*நான் தவில் வாசிக்கிறேன். பட்டனைத் தட்டினால் மெஷின் வாசிக்கிறது. இதில் மனுஷன் எங்கே?*
– ஒரு தவில் கலைஞர், திருவாரூர்

அண்ணே, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அந்த மெஷினில் 'குவான்டைஸ்' என்று ஒரு வசதி. கை கொஞ்சம் முன்னேபின்னே தட்டினாலும் இழுத்துச் சரியான கோட்டில் நிறுத்திவிடும். டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜே டில்லா என்ற ஹிப்ஹாப் இசையமைப்பாளர் அதை அணைத்துவிட்டுத் தட்டினார் என்பார்கள். கிக் டிரம் ஒரு மயிரிழை தாமதம், ஸ்னேர் ஒரு மயிரிழை முந்தல். தப்பு மாதிரி இருக்கும். ஆனால் கழுத்து தானாக ஆடும். உங்கள் ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்கும்போது ஒரு இழுப்பு வருமே, அந்த மாதிரி என்று எனக்குத் தோன்றியது, தப்பென்றால் திருத்துங்கள். பின்னால் நிஜ டிரம்ஸ்காரர்களே அந்தத் தடுமாற்றத்தைச் சாதகம் செய்து பழகினார்கள். 2006 பிப்ரவரி 7, அவருடைய 32-வது பிறந்தநாளில் 'டோனட்ஸ்' தொகுப்பு வெளிவந்தது. மூன்று நாளில் போய்விட்டார். அவர் தட்டிய மெஷின் இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

*ராப்பர் கென்ட்ரிக் லமாருக்கு 2018-ல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு கொடுத்தார்களே. விவாதம் முடிந்ததா?*
– ஒரு கல்லூரி மாணவர், கோவை

இல்லை. கிளாசிக்கலுக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்த இசைப் பரிசு போனது அதுவே முதல் முறை, சந்தோஷம். ஆனால் பரிசு வந்த பிறகு, அதை வாங்கிய அவருடைய தொகுப்பில் ஒரு அட்சரம்கூடக் கூடவில்லை.

*என் மகளுக்குப் பதினான்கு வயது. அவள் கேட்கும் பாட்டின் அர்த்தத்தைத் தேடிப் பார்த்தேன். பெண்களைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. இதையும் கலை என்று சப்பைக்கட்டு கட்டுவீர்களா?*
– ஒரு தாய், சேலம்

கட்டமாட்டேன் அம்மா. 'டூ லைவ் க்ரூ' என்ற குழுவின் தொகுப்பு ஒன்றை 1990-ல் ஃபுளோரிடாவில் ஒரு நீதிபதி ஆபாசம் என்று தீர்த்தார். 1992-ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. ரத்தானது சரியே. ஆனால் பாட்டைக் கேட்டுப் பார்த்தேன், சலிப்புத்தான் மிச்சம். கோர்ட்டு விடுதலை செய்ததால் பாட்டு நல்ல பாட்டாகிவிடாது.

பெண்ணை வசை பாடும் வரி கெட்டிக்காரத்தனமாகத் தாளத்தில் உட்கார்ந்திருந்தாலும் வசை வசைதான். கெட்டிக்காரன் செய்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். இதற்குள்ளிருந்தே பதிலும் வந்திருக்கிறது. 1993-ல் குயின் லத்தீஃபா 'யூனிட்டி' என்ற பாட்டில், தெருவில் தன்னைக் கெட்ட வார்த்தையால் கூப்பிட்டவனை நிறுத்தி, யாரை அப்படிச் சொன்னாய் என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறார். கிராமி வாங்கிய பாட்டு. மகளோடு உட்கார்ந்து அதைக் கேளுங்கள். ஃபோனைப் பிடுங்குவதைவிட அவளிடம் "இந்த வரி உனக்கு என்ன தோணுது?" என்று கேட்பது எனக்கு உசிதமாகப் படுகிறது. என் மகளிடம் நான் பிடுங்கிப் பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

*வயது 61. ஆர்வமாக இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.*
– சுந்தரம், காரைக்குடி

கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் 'தி மெசேஜ்', 1982. நகரத்து ஏழையின் வாழ்க்கை; உடைந்த கண்ணாடி, மூத்திர நாற்றம், கடன்காரன். (அட்டையில் பெயர் இருக்கும் ஃபிளாஷ் அந்தப் பதிவில் வாசிக்கவே இல்லை. சினிமாக்காரர்களுக்கு இது புதிதல்ல.) அடுத்து லாரின் ஹில்லின் 1998 தொகுப்பு. அவர் பாடவும் செய்வார், அதனால் நம் காதுக்குப் படிக்கட்டு மாதிரி இருக்கும். தமிழில் என்றால், மலேசியாவின் யோகி பி – நட்சத்ரா 2006-ல் செய்த 'மடை திறந்து'. 'நிழல்கள்' படத்துப் பாட்டை நான் எத்தனையோ கேசட்டில் ஏற்றியிருக்கிறேன். அதன் மேல் இன்னொருவர் ஏறி நின்று பேசியதைக் கேட்டபோது முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது, மூன்றாவது தடவை வால்யூமைக் கூட்டினேன்.

ஒன்று மட்டும். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அதில் பேஸ் என்கிற கனத்த அடியொலி வராது, பாதிப் பாட்டு போச்சு. பரணில் பழைய ஸ்பீக்கர் பெட்டி கிடந்தால் இறக்கித் தூசி தட்டுங்கள். ஃபோனிலிருந்து அதற்கு மாட்டும் ஒயர் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும்.